நூலகச் சாவி யாரிடம் இருக்கிறது?

எங்கள் ஊராட்சியின் தனி அலுவலர் ஐயா அவர்களுக்கும், ஊராட்சிச் செயலர் அவர்களுக்கும், அடுத்த கிராமசபைக்கு வேப்பமரத்தடியில் கூடப்போகும் என் ஊர்ச் சனங்களுக்கும்,

வணக்கம். மேலத்தெருவில் திண்ணை நிறையப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு சாயங்காலம் சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறாளே, அவள்தான் எழுதுகிறேன். வாயால் சொல்லிப் பார்த்துவிட்டேன். போன கிராமசபையில் என் முறை வருவதற்குள் பாதிப்பேர் எழுந்து போய்விட்டீர்கள், மீதிப்பேர் நூறு நாள் வேலைச் சம்பளம் ஏன் இன்னும் ஏறவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்தீர்கள். அதுவும் கேட்க வேண்டியதுதான், நானும் அந்த அட்டைக்காரிதான். ஆனால் என் கேள்வி நோட்டிலேயே ஏறவில்லை. அதனால்தான் இந்த மடல்.

கேள்வி சின்னது. நம் ஊர் நூலகத்தின் சாவி யாரிடம் இருக்கிறது?

செயலரைக் கேட்டேன். பழைய தலைவர் வீட்டில் இருக்கும் என்றார். பழைய தலைவரிடம் போனேன். டேங்க் ஆபரேட்டரிடம் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். டேங்க் ஆபரேட்டர் அண்ணன் பாவம், இடுப்பில் தொங்கிய கொத்தையே கழற்றிக் காட்டினார். மோட்டார் ரூம் சாவி இருக்கிறது, வால்வு தொட்டிச் சாவி இருக்கிறது, நூலகத்துச் சாவி இல்லை. "ஆபீஸ்லதான் இருக்கும், கேட்டுப் பாருங்க" என்றார். மூன்று நாள் நடந்து புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தேன்.

அந்தக் கட்டடத்தின் நெற்றியில் அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் என்று எழுதியிருக்கிறது. 2006 முதல் 2011 வரை தமிழ்நாட்டின் ஊராட்சிகள் எல்லாவற்றுக்கும் வந்த திட்டம் அது. ஊராட்சிக்கு 20 லட்சம் ரூபாய். அதில் நூலகமும் ஒரு வேலை, விளையாட்டுத் திடலும் ஒரு வேலை. நம் ஊர் நூலகம் திறந்த அன்று கேசரி கொடுத்தார்கள், நான் வாங்கித் தின்றிருக்கிறேன். ஒன்றிரண்டு வருடம் பேப்பர் வந்தது. அப்புறம் பூட்டு. சன்னல் கம்பி வழியாகப் பார்த்தால் இன்றைக்கு உள்ளே தெரிவது கல்லாக இறுகிப்போன நாலு மூட்டை சிமெண்ட், கழற்றிப்போட்ட டியூப்லைட் பட்டைகள், ஒரு சுருள் தண்ணீர்க் குழாய். மூலையில் புத்தக அலமாரி. அதன் கண்ணாடிக்குப் பின்னால் புத்தகங்கள் நின்றவாறே சாய்ந்து கிடக்கின்றன.

வீட்டு வரி ரசீதில் நூலக வரி என்று தனியாக ஒரு வரி இருக்கும், பார்த்திருப்பீர்கள். ரூபாய்க்குப் பத்துப் பைசா. அதைச் சொல்லிச் சண்டை பிடிக்கத்தான் ரசீதை எடுத்துக்கொண்டு போனேன். அந்தப் பணம் மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குப் போகிறது, இந்தக் கட்டடம் ஊரக வளர்ச்சித் துறையுடையது, இரண்டும் வேறு வேறு என்று செயலர் பொறுமையாக விளக்கினார். சரி, ஒத்துக்கொள்கிறேன். சண்டையை விட்டுவிட்டேன். வேறு வேறாகவே இருக்கட்டும், கதவு ஒன்றுதானே. அதைத் திறங்கள்.

ஏன் இத்தனை பிடிவாதம் என்று கேட்பீர்கள். திண்ணை இருக்கிறதே, அங்கே நடத்த வேண்டியதுதானே என்று ஒரு பெரியவர் கேட்கவும் செய்தார். அதற்குப் பதில் சொல்ல முன்கதை கொஞ்சம் வேண்டும்.

இல்லம் தேடிக் கல்வி 2021 அக்டோபர் 27-ஆம் தேதி விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தொடங்கியது. கொரோனாவில் பள்ளிக்கூடம் ஒன்றரை வருடத்துக்கு மேல் மூடிக் கிடந்ததில் பிள்ளைகள் படித்ததை மறந்துபோயிருந்தார்கள். அதை ஈடுகட்ட, அந்தந்த ஊர்ப் பெண்களையே தன்னார்வலராக வைத்து, சாயங்காலம் ஒன்றரை மணி நேரம். மாதம் ஆயிரம் ரூபாய். நம் ஊருக்கு அடுத்த பொங்கல் சமயத்தில் வந்தது. என் பெயரைக் கொடுத்தது என் நாத்தனார் மகள். அவளுக்கு செல்போனில் விண்ணப்பிக்கத் தெரியும், எனக்குப் பொழுது இருந்தது.

முதல் மாதம் நான் செய்தது முழுக்கத் தப்பு. கையில் ஒரு வேப்பங்குச்சி. வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொன்னேன். பிழையாக எழுதினால் பத்துத் தடவை எழுது என்றேன். பள்ளிக்கூடத்தில் நாலு மணிவரை உட்கார்ந்து இடுப்பு ஒடிந்து வந்த பிள்ளையை இன்னொரு பள்ளிக்கூடத்தில் கொண்டுவந்து உட்கார வைத்தால் அது என்ன செய்யும்? 22 பேர் வந்த இடத்தில் மாசி பிறப்பதற்குள் ஒன்பது பேர் ஆனார்கள். அந்த ஒன்பதும் அம்மாவின் அடிக்குப் பயந்து வந்தவை.

என்னை மாற்றியது பயிற்சி வகுப்பு இல்லை. ஒருநாள் மின்சாரம் இல்லை. இருட்டுவதற்கு முன் என்ன செய்வது என்று தெரியாமல் மாமியாரின் பல்லாங்குழிப் பலகையைப் பரணிலிருந்து இறக்கினேன். 14 குழி, எங்கள் பக்கம் குழிக்கு ஐந்து, மொத்தம் 70 புளியங்கொட்டை. ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன். 34-இல் 18 போனால் எத்தனை என்று கேட்டால் கூரையைப் பார்ப்பான். அவன் பலகைக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, குழிகளைக் கண்ணாலேயே ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். நான் ஒரு குழியில் கை வைத்ததும், "அதை எடுக்காதீங்க அத்தை, அங்க போய் முடிஞ்சிரும். பசு எனக்கு வந்துரும்" என்றான். நாலு காய் சேர்ந்த குழி பசு, அது யார் பக்கமோ அவர் எடுத்துக்கொள்ளலாம். நான் கேட்கவில்லை. எடுத்தேன். அவன் சொன்ன இடத்தில்தான் முடிந்தது, அவன் சொன்ன பசு அவனுக்கே போனது. எழுபது காயும் பதினாலு குழியும் அவன் தலைக்குள் நகர்ந்துகொண்டிருந்திருக்கின்றன. இந்தப் பையனையா நான் பத்துத் தடவை எழுது என்றேன்?

மறுநாள் ஆட்ட முடிவில் அவரவர் பிடித்த காயைச் சிலேட்டில் எழுதச் சொன்னேன். நீ 38 என்றால் எதிராளி எத்தனை? எழுதினான். கழித்தல் வந்துவிட்டது. வகுத்தல் இன்னும் வரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். பல்லாங்குழி எல்லா நோய்க்கும் மருந்து என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அப்புறம் குச்சியை அடுப்பில் வைத்தேன். தொண்டை கட்டும்வரை கதை சொன்னேன். பள்ளிக்கல்வித் துறை வாசிப்பு இயக்கத்துக்காகப் போட்ட சின்னச் சின்னப் புத்தகங்கள் இருக்கின்றன, நுழை, நட, ஓடு, பற என்று நாலு படி. நுழையில் பக்கத்துக்கு ஒரு வரி, பெரிய படம். பள்ளிக்கூடத்தில் கேட்டு வாங்கி வருவேன். ஏழாம் வகுப்பில் இருந்துகொண்டு நுழைப் புத்தகம் படிக்க வெட்கப்பட்ட பெண்ணிடம், "தம்பிக்குப் படிச்சுக் காட்டு" என்று கொடுத்தேன். தம்பிக்கு என்ற சாக்கில் மூன்று மாதத்தில் ஓடு வரைக்கும் வந்துவிட்டாள். மண்ணில் பொம்மை செய்தோம். பனை ஓலையில் காத்தாடி செய்தோம். ஊர்க் கிழவிகளிடம் விடுகதை பொறுக்கிவரச் சொன்னேன், ஒரு நோட்டு நிறைந்துவிட்டது. அதில் சில விடுகதைகளைச் சத்தமாக வாசிக்க முடியாது, நம் கிழவிகள் அப்படி.

இந்தச் சாயங்கால வகுப்பால் என்ன பிரயோஜனம் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் ஒரு கணக்கு உண்டு. கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், மவுரிசியோ ரொமேரோ என்று மூன்று பொருளாதார அறிஞர்கள் தமிழ்நாட்டுக் கிராமத்துப் பிள்ளைகள் ஏறத்தாழ 19,000 பேரைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். பள்ளி திறந்து ஆறு மாதத்துக்குள், இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்ப வந்துவிட்டதாம். அப்படித் திரும்ப வந்ததில் 24 சதவீதம் இந்தச் சாயங்கால வகுப்பால். அதிலும் வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகள் நன்றாக மீண்டதற்கு இது உதவியிருக்கிறது. நூற்றுக்கு 24 என்றால் பரீட்சையில் பெயில்தான், இருந்தாலும் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் மாட்டுக்கொட்டகை ஓரத்திலும் உட்கார்ந்த பெண்கள் செய்தது அது. எனக்கு அதில் பெருமை உண்டு.

ஆனால் அவர்கள் அளந்தது தமிழும் கணக்கும். அந்தப் பையன் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு உட்கார்ந்த உட்காரல் எந்தக் கணக்கிலும் ஏறாது.

பிறகு மையங்கள் குறைந்தன. எங்கள் மையமும் பட்டியலில் இல்லாமல் போனது, ஆயிரம் ரூபாயும் நின்றது. பிள்ளைகளுக்குப் பட்டியல் தெரியாதே. ஐந்து மணிக்கு வந்து நின்றார்கள். நானும் திண்ணையைக் கூட்டிவிட்டு உட்கார்ந்தேன். இன்றைக்கு 26 பேர்.

இப்போது திண்ணைக்கு வருகிறேன்.

இந்த 26 பேரில் ஒன்பது பேர் காலனிப் பிள்ளைகள். முதல் நாள் அவர்கள் வாசலிலேயே நின்றார்கள். யாரும் நிற்கச் சொல்லவில்லை. உள்ளே வா என்றும் யாரும் சொல்லவில்லை. ஊர்ப் பிள்ளைகள் என்னை அத்தை, சித்தி என்பார்கள். இவர்கள் டீச்சர் என்றார்கள். நான் எழுந்துபோய்க் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். அன்றைக்கு ராத்திரி வீட்டில் என்ன பேச்சு நடந்தது என்பதை இங்கே எழுத மாட்டேன், என் மாமியாருக்கு இந்த மடலை வாசித்துக் காட்டுவார்கள். மறுநாள் அடுத்தடுத்த இரண்டு வீட்டுப் பிள்ளைகள் வரவில்லை. பதினைந்து நாள் கழித்து அவர்களும் வந்துவிட்டார்கள், கேரம் போர்டு வாங்கியதால் என்று நினைக்கிறேன். இருந்தும் இன்றுவரை மழை வந்தால் ஊர்ப் பிள்ளைகள் என் வீட்டு நடைக்குள் ஓடுகிறார்கள், காலனிப் பிள்ளைகள் தாழ்வாரத்து ஓரமாக ஒதுங்கி நனைகிறார்கள். வா என்று நான் கத்தினாலும் அந்தக் கால்கள் யோசிக்கின்றன. ஒன்பது வயதுக் கால்கள். திண்ணை ஒரு வீட்டுடையது, ஒரு தெருவுடையது. நூலகம் ஊராட்சிக் கட்டடம். அங்கே யாரும் யாரையும் உள்ளே வா என்று கூப்பிட வேண்டியதில்லை. இதற்குத்தான் சாவி கேட்கிறேன்.

போன வருடம் ஊர்ப் படம் வரைந்தோம். கோலமாவை எடுத்துக்கொண்டு என் வீட்டு முற்றத்தில். கோயில், கண்மாய், பள்ளிக்கூடம், ரேஷன் கடை, டேங்க், தைலமரக்காடு. மேலத்தெருப் பிள்ளைகள் வேகவேகமாகப் போட்டு முடித்துவிட்டார்கள், காலனி இருக்கிற பக்கம் வெறும் தரை. நாலாம் வகுப்புப் பெண் ஒருத்தி மாவை வாங்கி, அந்த வெறும் தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு வீடாக வைத்தாள். அவர்களது பம்ப், அவர்களது புளியமரம், சாவடி. "இவ்வளவு வீடா இருக்கு?" என்று கேட்டவன் என் தம்பி மகன். பிறந்ததிலிருந்து இந்த ஊரில் இருக்கிறவன்.

பிறகு விளக்குக் கம்பங்களை எண்ணினோம். 31 கம்பம். ஆறு எரியவில்லை, அதில் நாலு காலனிப் பாதையில். ஏழாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் சேர்ந்து ஊராட்சிக்கு மனு எழுதியது. எழுத்துப் பிழையைத் திருத்தினேன், வாசகத்தில் கை வைக்கவில்லை. "ஐயா, பதினேழாவது கம்பத்தில் லைட் எரியவில்லை. அங்கே பாம்பு போகிறது. நாங்கள் ஓடித்தான் போகிறோம். ஓடினால் விழுகிறோம்." செயலர் அவர்கள் அதைப் படித்துச் சிரித்தார்கள், ஆனால் ஒரு வாரத்தில் நாலு விளக்கு போட்டார்கள். இந்த மடலில் குறை சொல்கிறவள் அந்த நன்றியையும் சொல்ல வேண்டும். மீதி இரண்டு கம்பம் பிள்ளைகளின் நோட்டில் இன்னும் சிவப்பு மையில்தான் இருக்கிறது.

அந்த விளக்கு எனக்கு ஏன் முக்கியம் என்றால், பெண் பிள்ளைகள். ஆறாம் வகுப்புவரை வருவார்கள். பெரியவளானதும் சாயங்காலம் அனுப்ப மாட்டீர்கள். ஆடு ஓட்டிவரலாம், தண்ணீர் தூக்கலாம், தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கலாம், வகுப்புக்கு மட்டும் இருட்டாகிவிடுகிறது. விளக்கு எரிகிற பாதையும், நாலு பெண்கள் வந்துபோகிற பொதுக் கட்டடமும் இருந்தால் எத்தனை பேர் அனுப்புவீர்கள் என்று கிராமசபையில் கை தூக்கச் சொல்லிக் கேட்கப் போகிறேன். இப்போதே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு என்று 2024-இல் தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் அரசு கொடுத்தது. 33 வகைப் பொருள். நம் ஊருக்கும் வந்தது. கிரிக்கெட் சாமான் இளவட்டங்களிடம் போய்விட்டது, போகட்டும். ஸ்கிப்பிங் கயிறு பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் ஊராட்சி அலுவலகத்துப் பீரோ மேல் இருப்பதை என் கண்ணால் பார்த்தேன். என் பிள்ளைகள் கிணற்றுக் கயிற்றில் குதிக்கிறார்கள்.

பெற்றவர்களிடம் ஒரு வார்த்தை. உங்களில் பலர் என்னிடம் கேட்பது வேறு. "பாட்டும் விளையாட்டும் எதுக்கு, டியூஷன் மாதிரி சொல்லிக்கொடுங்க, மாசம் முந்நூறு தர்றோம்" என்கிறீர்கள். நியாயம் எனக்குப் புரியாமல் இல்லை. டவுனில் டியூஷனுக்கு அனுப்பக் காசு இல்லை, பிள்ளை படித்தால்தான் கல் உடைக்காமல் பிழைக்கும். வீட்டுப்பாடத்துக்கு அரை மணி நேரம் தருகிறேன், தெரியாததைச் சொல்லித் தருகிறேன். அதற்கு மேல் மாட்டேன். முந்நூறு வாங்கினால் முந்நூறு தர முடிகிறவர்களின் பிள்ளைகள் மட்டும்தான் மிஞ்சுவார்கள், அந்த ஒன்பது பேர் மறுபடி வாசலுக்குப் போய்விடுவார்கள். காசுக்குப் பதில் கடலை கொடுங்கள். அறுப்பு முடிந்ததும் வீட்டுக்கு ஒரு படி. பள்ளியில் மதியம் சாப்பிட்ட சோறு நாலு மணிக்கே கரைந்துவிடுகிறது. அவித்த கடலை ஒரு கைப்பிடி இருந்தால் ஆறரை வரை பிள்ளை நிற்கும்.

தை மாதம் சித்தன்னவாசல் போய் வந்தோமே, அன்றைக்கு எத்தனை பேர் என்னிடம் சண்டைக்கு வந்தீர்கள்! புதுக்கோட்டையிலிருந்து 16 கிலோமீட்டர்தான். நம் மாவட்டத்துப் பிள்ளைகள், அதுவரை ஒருத்தர்கூடப் பார்த்ததில்லை. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் காசில்லை, பையன்களுக்கு மட்டும்தான் டிக்கெட். 15 வயதுக்குக் கீழே நுழைவுக் கட்டணமும் கிடையாது. குகைக் கோயிலின் விதானத்தில் ஒரு தாமரைக் குளம். மீன், பறவை, எருமை, யானை, நடுவே பூப்பறிக்கிற ஆட்கள், ஆயிரம் வருடத்துக்கு மேற்பட்ட சாயம். எல்லோரும் கழுத்து வலிக்க அண்ணாந்து நின்றார்கள். "எருமை தெரியுது பாரு" என்று ஒருவன் காட்ட, இன்னொருத்தி கேட்டாள்: "நம்ம கண்மாய்ல ஏன் தாமரை இல்ல?" எனக்குத் தெரியவில்லை. ஊருக்கு வந்து கிழவர்களைக் கேட்கச் சொன்னேன். இருந்தது, இந்த மடையோரம் இருந்தது, காட்டாமணக்கு வந்து மூடிவிட்டது என்று ஒரு தாத்தா கூட்டிப்போய் இடம் காட்டினார். அந்த இடமும் இப்போது எங்கள் ஊர்ப் படத்தில் இருக்கிறது. இதெல்லாம் எந்தப் பாடத்தில் வரும் என்று கேட்காதீர்கள்.

என் அம்மா கல் குவாரியில் சல்லி உடைத்தவள். 1991-இல் இந்த மாவட்டத்தில், பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தந்த அறிவொளி இயக்கம் வந்தபோது எனக்கு 14 வயது. ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தார். பெண்கள் கூட்டம் கூட்டமாகச் சைக்கிள் பழகிய காலம், இந்த ஊரிலேயே கெண்டைக்காலில் தழும்போடு நாலைந்து அத்தைகள் இருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள். அம்மா ராத்திரி அரிக்கேன் விளக்கடியில் எழுதப் பழகிய முதல் சொல் 'பட்டா'. பிள்ளைகள் பழகுகிற 'அம்மா', 'ஆடு' இல்லை. பாட்டுப் பாடினார்கள், நாடகம் போட்டார்கள், சைக்கிளில் விழுந்தார்கள், அதற்கு நடுவே எழுதவும் வந்துவிட்டது. யாரும் அதை டியூஷன் என்று சொல்லவில்லை. அம்மா சாகும்வரை ரேஷன் கார்டில் கையெழுத்துத்தான் போட்டாள், ரேகை வைக்கவில்லை.

தனி அலுவலர் ஐயா, 2025 சனவரியோடு தேர்ந்தெடுத்த தலைவர்களின் காலம் முடிந்து பொறுப்பு உங்கள் கைக்கு வந்தது. உங்களுக்கு இதுபோலப் பல ஊராட்சி, பல பூட்டு. பெரிய செலவு எதுவும் கேட்கவில்லை. நூலகத்தைத் தினம் மாலை ஐந்திலிருந்து ஏழுவரை பிள்ளைகளுக்குத் திறந்துவிடுவதாக ஒரு தீர்மானம். உள்ளே இரண்டு டியூப்லைட், ஒரு மின்விசிறி. சிமெண்டை வெளியே தூக்கிப்போட ஆள் வேண்டாம், பிள்ளைகளின் அப்பாக்களில் நாலு பேர் சரி என்றிருக்கிறார்கள். சாவி இரண்டு இருக்கட்டும். ஒன்று மேலத்தெருவில் ஒரு வீட்டில், ஒன்று காலனியில் ஒரு வீட்டில். இரண்டும் பெண்கள் கையில். காலனியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு வீட்டில் இருக்கிற பெண் ஒருத்தி எனக்குத் துணைக்கு வரத் தயார். என்னைவிட நன்றாகக் கதை சொல்கிறாள். நான் சொல்லும் கதையில் ராஜா வந்தால் அவள் கதையில் ஆட்டுக்குட்டி வரும், பிள்ளைகள் அவள் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். கொஞ்சம் பொறாமைதான்.

ஐப்பசி மழை ஆரம்பித்துவிட்டால் திண்ணையில் உட்கார முடியாது. கூரை ஓடு மூன்று இடத்தில் ஒழுகுகிறது. அதற்கு முன் ஒரு பதில் சொல்லுங்கள். முடியாது என்றாலும் எழுத்தில் கொடுங்கள். என்னிடம் 'ஓடு' புத்தகம் வரைக்கும் வந்துவிட்ட பெண் இருக்கிறாள், சத்தமாக வாசித்துக் காட்டுவாள்.

பூட்டை நேற்றுப் பார்த்தேன். நன்றாகத் துருப்பிடித்திருக்கிறது. சாவியோடு வருகிறவரைக் கொஞ்சம் எண்ணெயும் கொண்டுவரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மேலத்தெருத் திண்ணைக்காரி,
புதுக்கோட்டை மாவட்டம்